நாற்காலி இல்லாத பிரதி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திருப்பி அனுப்பிய என் நாவல் கட்டு வந்து சேர்ந்தது. கண் பரிசோதனை அறையில் ஒருவரை உட்கார வைத்து, பலகையில் உள்ள எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கியதும் பிரித்துவிட்டேன். அவர் பாவம், கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டு, யாரும் வராததால் மறுபடி மேலிருந்து ஆரம்பித்திருக்கிறார். முதலாளி முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாற்காலி கூட இல்லையே, அண்ணி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓரங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. பென்சில் மங்கலாக விழுந்திருக்குமோ என்று லென்ஸ் பார்க்கும் விளக்கடியில் வைத்து இரண்டாம் முறையும் புரட்டினேன். ஒன்றும் இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உடனே பதிப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் என்ன கேட்கிறார் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தேன். இரண்டாம் பாகத்தில் முக்கால்வாசியை வெட்ட வேண்டுமாம். "ஒண்ணுமே நடக்கலையே மேடம். அந்தம்மா பாட்டுக்கு வீட்டுல உக்காந்திருக்காங்க. படிக்கிறவன் எழுந்து போயிடுவான்" என்பது அவர் கட்சி. நான் சொன்னேன், "யாரும் எழுந்து போகல சார். என்கிட்ட ஆதாரம் இருக்கு."

பிறகு நம் வழக்கத்தை அவருக்கு விளக்க வேண்டி வந்தது. "எங்க அண்ணியும் நாவல் எழுதறவங்கதான். யார் எழுதி முடிச்சாலும் முதல்ல இன்னொருத்தருக்கு அனுப்புவோம். படிக்கிறவங்க நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. படிச்சிட்டிருக்கும்போது எந்த இடத்துல எழுந்து போறாங்களோ, அங்க ஓரத்துல பென்சிலால ஒரு சின்ன நாற்காலி வரையணும். அவ்வளவுதான்."

"போன் வந்து எழுந்தா?" என்று கேட்டார்.

"அதுவும் நாற்காலிதான். பக்கம் நல்லா இருந்தா போனை அடிக்க விட்டுடுவாங்கல்ல?"

அவருக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன், சிரித்தார். ஆனால் பிடி கொடுக்கவில்லை. மார்ச் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். வெட்டச் சம்மதமில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு இடம் ஏது? மற்ற இரண்டு பதிப்பாளர்களும் பக்க எண்ணிக்கையைப் பார்த்தே கையை விரித்தவர்கள். எனக்கு இவர்தான் கதி. இருந்தும் ஒரு வரியைக் கூட வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்தத் துணிச்சல் உங்கள் வெள்ளை ஓரங்கள் தந்தது.

வெட்டி வெட்டி ஒல்லியாக மூன்று நாவல் எழுதியவள் நான். 'கத்திரி' என்று நீங்கள் பேர் வைத்ததே அதற்குத்தானே. முதல் முறையாக நீளமாக எழுதியிருக்கிறேன். நீளத்தை என்னால் தாங்க முடியுமா என்று ஆறு வருடமாகப் பயந்துகொண்டே எழுதினேன். சொல்லுங்கள், ஒரே மூச்சில் படித்தீர்களா? எங்கே உட்கார்ந்து?

உங்கள் நாத்தனார்,
கத்திரி


பிப்ரவரி 11

அன்புள்ள கத்திரி,

எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று கேட்பதும் ஒருவகையில் கருத்துக் கேட்பதுதான். நம் விதி உனக்குத் தெரியும். உன் முதல் நாவலுக்கு நான் பக்கம் பக்கமாக அறிவுரை எழுதி அனுப்பி, நாம் இரண்டு பேரும் ஒரு வருடம் பேசாமல் இருந்து, உன் அண்ணன் நடுவில் தூது போய்க் களைத்த கதை மறந்துவிட்டதா? அந்த மனுஷனுக்காகவாவது விதியைக் காப்பாற்றுவோம்.

பதிப்பாளரிடம் அவ்வளவு அவசரமாக வாயைக் கொடுத்திருக்க வேண்டாம். மார்ச் கடைசி வரை நேரம் இருக்கிறதே. கொஞ்சம் ஆறப் போடு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எழுதும் இடத்தை மாற்றியிருக்கிறேன். இத்தனை வருடம் மேஜையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதியவள், இப்போது கட்டிலில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு எழுதுகிறேன். சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்கியமும் என்னோடு சேர்ந்து படுத்துக்கொள்கிறது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. நீ என் புதிய அத்தியாயங்களைப் படித்தால் போடப்போகும் நாற்காலிகளை ஒரு பொதுக்கூட்டத்துக்கு வாடகைக்கு விடலாம்.

போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள், உங்களுக்குக் கதைகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்த காலத்திலிருந்து என்று எழுதினேன். அது பொய்யில்லை. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவே மாட்டார்கள். திருட்டைப் பார்த்தாயா என்று கேட்டால், "நான் அப்பதான் துணி காயப் போட்டுட்டிருந்தேன், அதுவும் ஈரம், மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார்கள். வக்கீல் பல்லைக் கடிப்பார். எனக்கு அந்த ஈரத் துணிதான் வேண்டும். என் வாக்கியங்கள் ஏன் ரயில் மாதிரி நீளுகின்றன என்று நீ கேட்பாயே, அந்தச் சாட்சிகளைக் கேள்.

உனக்கு அது புரியாது. நீ துப்பறியும் கதை படித்து வளர்ந்தவள், யார் செய்தது என்று கண்டுபிடித்ததும் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே மூடி வைக்கிறவள். நான் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். யார் சாகப் போகிறார்கள் என்று தெரியாமல் யாரோடும் பழக எனக்குத் தெம்பில்லை.

இப்போதெல்லாம் உன் அண்ணன்தான் சமைக்கிறார். நன்றாக இருக்கிறது என்று போனில் அவரிடம் சொல்லி வை, உற்சாகம் குறையாமல் இருக்கும்.

உன் அண்ணி


பிப்ரவரி 18

அண்ணி,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நீங்கள் என் நாவலைப் படிக்கவில்லை.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கத்தால், உங்களிடமிருந்து திரும்பி வரும் எந்தப் பிரதியிலும் கடைசிப் பக்கம் மேலேயே இருக்கும். திரும்ப எடுத்து அடியில் வைக்க உங்களுக்குப் பொறுமை கிடையாது. இந்த முறை அது ஒழுங்காக அடியில் இருந்தது. ஒரு பக்கத்திலும் டீக்கறை இல்லை. ஒரு மூலையும் மடங்கவில்லை. கட்டிய நூலில் இருந்தது அண்ணனின் முடிச்சு. கத்தி வைத்து அறுத்தால்தான் அவிழும். அண்ணன் கட்டி அனுப்பியிருக்கிறார். நீங்கள் அதைத் தொடவே இல்லை.

துப்பறியும் கதை படிப்பதைக் கேலி செய்தீர்களே, அதன் பலன் இது.

அண்ணனிடம் போனில் கேட்டேன். "அண்ணி நாவலைப் படிச்சாங்களா?" என்றதும், "அதையெல்லாம் அவகிட்டயே கேளு, எனக்கு அடுப்புல ஏதோ கருகுது" என்று வைத்துவிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன், இருபது வருடமாக அடுப்படிப் பக்கம் போகாதவர், இப்போது எதற்குச் சமைக்கிறார்? நீங்கள் ஏதோ பெரிய வேலையில் மூழ்கியிருக்கிறீர்கள். புது நாவல் பிடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு அது பிடித்தால் உலகமே தெரியாது, எனக்குத் தெரியும். அதில் தப்பில்லை. படிக்க நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் காத்திருந்திருப்பேன்.

நீங்கள் ஒரு வெள்ளைக் கட்டை அனுப்பினீர்கள். அதை நம்பி, எனக்கு இருக்கும் ஒரே பதிப்பாளரை எதிர்த்துப் பேசிவிட்டேன். நாவலில் அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பக்கங்களை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தாளை வைத்து, நின்றபடியே எழுதினேன். எனக்கு உட்கார்ந்தால் எழுத்து வராது, உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கங்கள் நிற்குமா விழுமா என்று எனக்குச் சொல்ல உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

கத்திரி


பிப்ரவரி 25

கத்திரி,

கோபம் தீர எழுதியிருக்கிறாய். நல்லது. இப்போது நான் சொல்வதை முழுதும் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு. நடுவில் எழுந்தால் நாற்காலி போட்டுக்கொள்.

ஜனவரியில் மேல் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுக்க முக்காலியில் ஏறினேன். முக்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், எடுக்கப் போன புத்தகம் என் மேலேயே வந்து விழுந்தது. எப்படிப்பட்ட குண்டுப் புத்தகம் என்று உனக்குத் தெரியும். ஒல்லி நாவல்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். வலது காலில் எலும்பு முறிவு. தொடை வரை மாவுக்கட்டு. உன் கட்டு வந்தபோது நான் கட்டிலில் என் கட்டோடு கிடந்தேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அண்ணனிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான். சொன்னால் நீ கடையை விட்டுவிட்டு, நாவலை விட்டுவிட்டு, அடுத்த வண்டியில் வந்து இறங்கி எனக்குப் பணிவிடை செய்ய ஆரம்பித்துவிடுவாய். ஆறு வருட உழைப்பு முடியும் நேரத்தில் அது நடக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதைப் பற்றி எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை.

நாவலைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தார், படித்து முடித்ததை வாங்கி அடுக்கினார். கடைசிப் பக்கத்தை முதலில் கேட்டேன். "வரிசையாப் படி. சிக்னலைத் தாண்டக் கூடாது" என்று மறுத்துவிட்டார். டீயைத் தாள் பக்கமே கொண்டுவரவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களை எப்படி வைத்திருப்பாரோ அப்படித்தான் என்னையும் வைத்திருக்கிறார்.

ஆக, நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியும் போடவில்லை. விதிப்படி நடந்தேன். மூட்டை கட்டும்போதுதான், இவள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வாளே என்று உறைத்தது. ஆனால் 'எழுந்திருக்க முடியாத நிலையில் படித்தேன்' என்று எழுதினால் கால் விஷயம் வெளியே வந்துவிடும். வேறு எதை எழுதினாலும் விதியை மீறியதாகும். பேசாமல் இருந்தேன். நீ ஒரே மூச்சில் பதிப்பாளரை எதிர்த்துக்கொள்வாய் என்று நான் கண்டேனா?

இரண்டாம் பாகம் எப்படி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். படுத்துக்கொண்டு படித்தவள் சொல்லும் சாட்சி செல்லாது. மார்ச் பத்தாம் தேதிவாக்கில் கட்டைப் பிரிப்பார்கள். இரண்டாம் பாகத்தை மட்டும் திருப்பி அனுப்பு. எல்லோரும் படிக்கிற மாதிரி, எழுந்து போக முடிகிற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டேன், அதனால் இதில் திட்டவில்லை. அண்ணனை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. "உங்க அண்ணி சத்தியம் வாங்கிட்டா, நான் என்ன பண்றது?" என்று என்னிடமே கேட்கிறார்.

போனை வைத்ததும் பரிசோதனை அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. என் நாவலை ஒருத்தி எழுந்திருக்காமல் படித்தாள், ஏனென்றால் அவளுக்குக் கால் உடைந்திருந்தது. இந்தப் பெருமையைப் பின்னட்டையில் போடச் சொல்லலாம்.

இரண்டாம் பாகத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அண்ணி. கால் வலிக்கிறதே என்று எழுந்திருக்காமல் இருந்துவிடாதீர்கள். என் மேல் உள்ள பாசத்தில் ஒரு நாற்காலியைக் கூடக் குறைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அது வெள்ளைக் கட்டை விட மோசம்.

இந்த நாவல் எங்கிருந்து வந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். மனைவிக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். கூட்டி வாங்க என்றோம். "அவ வெளிய வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, உடைந்த பழைய கண்ணாடியை மேஜையில் வைத்தார். பிறகு பெண்கள் பிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகஜாடைன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றார். அவ்வளவுதான். ஒன்றை வாங்கிக்கொண்டு போனார், திரும்ப வரவில்லை. அவரைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. முதல் பாகம் முழுதும் மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கும் அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லையே. அவளை உட்கார வைத்து, அவள் காதில் என்ன விழும், கையில் என்ன தட்டுப்படும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கத்தான் மீதி வருடங்கள் போயின.

பதிப்பாளர் மறுபடி கேட்டார். கேட்கட்டும்.

உங்கள்,
கத்திரி


மார்ச் 19

அன்புள்ள கத்திரி,

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். உன் அண்ணன் பின்னாலேயே வந்து, "மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல பாரு" என்கிறார். பிரேக் மட்டும்தான் அவர் காலடியில் இல்லை.

ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். மூன்று இடத்தில் எழுந்தேன். பிரதியில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். இந்த ஒரு தடவை மட்டும் காரணத்தையும் எழுதுகிறேன். விதியை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ வேண்டுமானால் ஒரு வருடம் பேசாமல் இரு.

முதல் நாற்காலி, கணவரின் பழைய கண்ணாடிக் கடையின் அலமாரிகளை அவள் நினைத்துப் பார்க்கும் இடம். எந்தத் தட்டில் எந்தப் பிரேம், எந்தப் பெட்டியில் எந்த லென்ஸ். கத்திரி, அது அவள் நினைவில்லை, நீ வேலை செய்கிற கடை. எனக்கு அலுத்துப்போய் தண்ணீர் குடிக்கப் போனேன். இரண்டாவது, அவள் தங்கை எழுதும் கடிதம். அதுவும் அலுப்புத்தான். வெளியே குப்பை வண்டி வந்தது, எட்டிப் பார்க்கப் போனேன். குப்பை வண்டியைப் பார்க்கப் போனேன் என்றால் நீயே புரிந்துகொள்.

மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். கணவர் வெளியிலிருந்து வருகிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவருக்கு என்ன மனநிலை என்று தெரிந்துகொள்கிறாள். தொண்டையைக் கனைப்பதை வைத்துக் கடையில் யாரோடோ சண்டை என்று தெரிந்துகொள்கிறாள். அப்புறம் அவளுக்குத் திடீரென்று தோன்றுகிறது, இவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று.

அங்கே எழுந்துவிட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். இத்தனை வாரமாக நான் உன் அண்ணனைக் காதால் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாத்திரம் விழும் சத்தம், குழாய், இருமல், தனக்குத் தானே பேசிக்கொள்வது. தட்டைக் கொண்டுவந்து வைப்பார், நான் தட்டைப் பார்ப்பேன், உப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். தாளை நீட்டுவார், நான் தாளைப் பார்ப்பேன்.

அவர் எதையோ தோல் சீவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். சவரம் செய்து சில நாள் ஆகியிருந்தது. தாடி முழுதும் வெள்ளை, எனக்குத் தெரியவே தெரியாது.

"என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். சும்மா பாக்க வந்தேன்."

"எதைப் பாக்க?"

"உங்களைத்தான்."

"நான் எங்க ஓடிப் போறேன்? ஆமா, கோல் எங்க?"

கோலை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன் போலிருக்கிறது, ஞாபகம் இல்லை. அவர் திட்டிக்கொண்டே ஒரு முக்காலியைப் போட்டார். அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உன் நாவல் ஜன்னலோரம் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. நடுவில் எடுக்கத் தோன்றவே இல்லை.

விதிப்படி அதுவும் நாற்காலிதான். போட்டுவிட்டேன். என்ன செய்வதென்று நீ முடிவு பண்ணு.

உன் அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

அலமாரிகளை வெட்டிவிட்டேன். வெட்டும்போது வலித்தது. அந்தப் பக்கங்களை எழுத ஒரு கோடைகாலம் முழுதும் ஆனது, எனக்கு அவற்றின் மேல் கொள்ளை ஆசை. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு படித்தால், எனக்கே தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. தங்கையின் கடிதத்தையும் எடுத்துவிட்டேன். மற்றதில் கை வைக்கவில்லை.

இன்று காலை பதிப்பாளருக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவ்வளவுதானா மேடம்? உங்க அண்ணி எத்தனை இடத்துல எழுந்தாங்க?" என்றார். அவர் மறக்கவில்லை.

"மூணு. ரெண்டை வெட்டிட்டேன்."

"மூணாவதை ஏன் விட்டீங்க? எழுந்து போயிட்டாங்கன்னா அந்த இடம் பலவீனம்னுதானே அர்த்தம்? நீங்க சொன்ன கணக்குத்தானே?"

"எழுந்து எங்க போனாங்கன்னு கேளுங்க சார்."

"சரி, எங்க போனாங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கத்தைப் போனிலேயே படித்துக் காட்டினேன். செருப்புச் சத்தம், கனைப்பு, முகம், எல்லாவற்றையும். நீங்கள் அடுப்படிக்குப் போனதையும், கோலை மறந்ததையும், அண்ணன் தாடியையும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

படித்து முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று, "சார், இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "அந்தப் பாகம் அப்படியே இருக்கட்டும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். எப்போது அச்சுக்குப் போகும், அட்டைக்கு யாரிடம் சொல்வது என்று எதுவும் பேசவில்லை. அதனால் மதியம் மறுபடி போன் செய்தேன். அவர் அலுவலகத்தில் உள்ள பெண்தான் எடுத்தாள்.

"சார் இல்லையே மேடம். காலையில உங்ககிட்ட பேசி வெச்சதுமே கிளம்பிட்டார்."

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நானும் கேட்டேன். சும்மா வீட்டு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு சொன்னார். இன்னும் வரல."

எனக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அண்ணி. மனசு நிறைந்திருக்கிறது. கடையில் லீவு சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. பணிவிடைக்கு அல்ல. உங்கள் இரண்டு பேரையும் பார்க்க வருகிறேன்.

உங்கள்,
கத்திரி